உடுக்குறி போட்ட ரொட்டி

கேள்வி இது: ஆங்கிலத்தின் 'லார்டு' என்ற சொல்லுக்கு மூலம் தேடினால் 'ரொட்டியைக் காப்பவன்' என்று வருகிறது. அதற்கும் மேலே ஏறினால், முன்னால் ஓர் உடுக்குறி வைத்து '*ஹ்லைபஸ்' என்று ஒரு மூல ஜெர்மானியச் சொல்லைக் காட்டுகிறார்கள். எந்தக் கல்லிலும் ஏட்டிலும் கிடைக்காத சொல் என்பதற்குத்தான் அந்தக் குறியாம். கிடைக்காத ஒன்றை எப்படி எழுதினார்கள்? இதை நம்பலாமா? இந்தச் சொல்லின் வாரிசுகள் யார் யார்?

நம்பலாம். எதுவரை நம்பலாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நமக்குப் பழக்கமான இடத்திலிருந்து தொடங்குவோம். தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. புலி, ஹுலி. பல், ஹல்லு. பத்து, ஹத்து. ஒரே ஒரு சொல்லில் இப்படி வந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். சொல்லுக்குச் சொல் அதே கணக்கு திரும்பத் திரும்ப வந்தால் அது விதி. தெலுங்கிலும் பாலு, புலி என்றுதான் இருக்கிறது. ஆகவே பழையது பகரம், கன்னடம்தான் பிறகு ஹகரத்துக்கு மாறியது என்று கணிக்கிறோம். பழங்கன்னடக் கல்வெட்டுகளைப் பார்த்தால் அங்கே பகரமே இருக்கிறது. கல்வெட்டைப் பார்க்காமலே போட்ட கணக்கைக் கல்வெட்டு ஒப்புக்கொள்கிறது. உடுக்குறி போட்ட சொல் எதுவானாலும் அதன் பின்னால் இருப்பது இந்த வகைக் கணக்குதான். 19ஆம் நூற்றாண்டில் அந்தக் குறியை இப்பொருளில் பரவலாக்கியவர் ஆகஸ்ட் ஷ்லைஷர் என்ற ஜெர்மன் அறிஞர்.

இனி ஜெர்மானியக் குடும்பம். ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வேஜியன், ஐஸ்லாண்டிக், மறைந்துபோன கோத்திக் ஆகியவை உடன்பிறந்தவை. இவற்றின் தாய்மொழியைத்தான் மூல ஜெர்மானியம் என்கிறோம். சுமார் இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன், இன்றைய டென்மார்க், தெற்கு ஸ்வீடன், வட ஜெர்மனிப் பக்கம் பேசப்பட்டது. பேசியவர்கள் நூல் எதுவும் எழுதிவைக்கவில்லை. நமக்கு இருப்பதெல்லாம் பிள்ளைகளின் சாட்சியம்.

நம் சொல்லுக்கு நான்கு பழைய சாட்சிகள் உண்டு. கோத்திக்கில் ஹ்லைஃப்ஸ். ஸ்காண்டிநேவிய மொழிகளின் பழைய வடிவமான பழைய நார்ஸில் ஹ்லெய்ஃப்ர். பழைய ஆங்கிலத்தில் ஹ்லாஃப். பழைய உயர் ஜெர்மனில் ஹ்லெய்ப், பிறகு லெய்ப். பொருள் எல்லாவற்றிலும் ரொட்டி, அல்லது சுட்டு எடுத்த ஒரு முழு ரொட்டி.

ஒவ்வோர் ஒலியாகப் பிரித்துப் பார்ப்போம். நடுவில் உள்ள உயிர் கோத்திக்கில் ஐ, நார்ஸிலும் ஜெர்மனிலும் எய், பழைய ஆங்கிலத்தில் ஆ. இது இந்தச் சொல்லுக்கு மட்டும் வாய்த்த விசித்திரமா? கல் என்ற பொருளில் கோத்திக்கில் ஸ்டைன்ஸ், நார்ஸில் ஸ்டெய்ன், பழைய ஆங்கிலத்தில் ஸ்டான் (ஆகாரம் நெடில்). வீடு, ஊர் என்ற பொருளில் ஹைம்ஸ், ஹெய்ம்ர், ஹாம். அதே கணக்கு. இன்றைய ஆங்கிலத்தில் அந்த ஆகாரம் ஓகாரமானது: ஸ்டோன், ஹோம், லோஃப். மூன்றும் ஒரே நாளில் ஒரே வண்டியில் ஏறி வந்தவை போல வந்து இறங்கியிருக்கின்றன. ஆகவே மூலத்தில் இருந்தது 'ஐ'.

அடுத்து உதட்டொலி. கோத்திக்கில் எழுவாயாக நிற்கும்போது ஹ்லைஃப்ஸ். 'ரொட்டியின்' என்று வேற்றுமை ஏற்றால் ஹ்லைபிஸ். சொல்லின் ஓரத்தில் ஃப், இரண்டு உயிர்களுக்கு நடுவே ப. இந்தப் பகரத்தைக் 'கம்பு' என்பதில் ஒலிப்பது போல மென்மையாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ஒருமை லோஃப், பன்மை லோவ்ஸ் என்று ஏன் மாறுகிறது என்று பள்ளியில் பலருக்கும் தோன்றியிருக்கும். ஆசிரியர் 'விதிவிலக்கு, மனப்பாடம் செய்' என்றிருப்பார். பழைய ஆங்கிலத்தில் ஹ்லாஃப் என்பதன் பன்மை ஹ்லாஃபஸ். உயிர்களுக்கு நடுவில் சிக்கிய ஃப் அதிர்ந்து வகரம் போல ஒலித்தது. அந்தப் பழைய அதிர்வுதான் இன்றைய லோவ்ஸில் மிஞ்சியிருக்கிறது. மூலத்தில் இருந்தது அதிரும் உதட்டொலி என்பதற்கு இன்றைய எழுத்துக்கூட்டலே ஒரு சாட்சி.

தொடக்கத்தில் உள்ள 'ஹ்ல' நம் நாக்குக்குக் கடினம். ஆங்கிலேயர் நாக்குக்கும் கடினமாகிவிட்டது போலும், 12, 13ஆம் நூற்றாண்டுகளுக்குள் அந்த ஹகரத்தை உதிர்த்துவிட்டார்கள். ஹ்ரிங் என்பது ரிங் ஆனதும், ஹ்லூட் என்பது லௌட் ஆனதும், ஹ்னுட்டு என்பது நட் ஆனதும் இதே உதிர்வில்தான். ஐஸ்லாண்டில் மட்டும் இன்றும் ஹ்லெய்ஃபுர் என்று ஹகரத்தோடு சொல்கிறார்கள்.

கடைசியில் வரும் 'ஸ்' உண்மையில் தேனீயின் ரீங்காரம் போல அதிரும் ஸகரம். தமிழில் அதற்கு எழுத்தில்லை. கோத்திக்கில் அது அதிர்வில்லாத ஸ் ஆனது, நார்ஸில் ர் ஆனது, ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் மறைந்தேவிட்டது. ஒரு மொழியில் ஸ், ஒன்றில் ர், இரண்டில் ஒன்றுமில்லை. இவற்றுக்கு ஒரே தாய் யார் என்று கேட்டால் அதிரும் ஸகரம் என்ற விடைதான் எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது. அதற்கு முன்னால் இருந்த 'அ' இந்த நான்கு மொழிகளிலுமே போய்விட்டது.

அப்படியானால் அந்த 'அஸ்' என்ற வால் வெறும் கணக்குதானா? இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த சாட்சி வருகிறது. டென்மார்க்கின் தெற்கே காலஹூஸ் என்ற ஊரில் 1639இலும் 1734இலும் இரண்டு பொற்கொம்புகள் மண்ணிலிருந்து கிடைத்தன. 1802இல் திருடன் ஒருவன் இரண்டையும் கோபன்ஹேகனில் களவாடி உருக்கிவிட்டான். நல்லவேளையாக அதற்கு முன்பே அவற்றை வரைந்துவைத்திருந்தார்கள். இரண்டாவது கொம்பின் விளிம்பில் ரூனிக் என்ற பழைய ஜெர்மானிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. கி.பி. 400 வாக்கில் பொறித்தது: 'ஏக் ஹ்லெவகஸ்டிஸ் ஹோல்ட்டியஸ் ஹோர்ன டவிடோ.' ஹ்லெவகஸ்டிஸ் ஆகிய நான் இந்தக் கொம்பைச் செய்தேன் என்று பொருள். அந்தப் பொற்கொல்லன் தன் பெயரைப் பொறித்தபோது நமக்கு இரண்டு உதவிகள் செய்துவிட்டுப் போனான். அவன் பெயர் 'ஹ்ல' என்று தொடங்குகிறது. பெயரும் அடைமொழியும் இஸ், அஸ் என்று அதே அதிரும் ஸகரத்தில் முடிகின்றன. ரொட்டி என்ற சொல் அந்தக் கொம்பில் இல்லைதான். ஆனால் ஹ்லைபஸ் என்பதன் தலையும் வாலும் எப்படி இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டோமோ, அப்படிப்பட்ட தலையும் வாலும் பொன்னில் இருந்தன.

இன்னொரு சாட்சி குடும்பத்துக்கு வெளியே. ஃபின்னிஷ் மொழி ஜெர்மானிய மொழிகளுக்கு உறவில்லை, வெறும் அண்டைவீடு. அண்டைவீட்டில் கடன் வாங்கிய பாத்திரத்தைத் துலக்கக்கூடச் செய்யாமல் ஈராயிரம் ஆண்டு வைத்திருந்த மாதிரி, பழைய ஜெர்மானியச் சொற்களை அது பாதுகாத்து வைத்திருக்கிறது. அரசன் ஃபின்னிஷில் குனிங்கஸ். மோதிரம், வளையம் ரெங்கஸ். ஆங்கிலத்தில் கிங், ரிங் என்று மொட்டையாகிப்போனவை அங்கே வாலோடு நிற்கின்றன. நம் சொல்லும் அங்கே போயிற்று: ஃபின்னிஷில் லெய்பா, எஸ்டோனியனில் லெய்ப். இது மட்டும் வாலை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. சொல் முதலில் இரட்டை மெய் நிற்க அந்த மொழிகள் இடம்கொடுக்காததால் ஹகரமும் போயிற்று. ஹ்ரெங்கஸ் ரெங்கஸ் ஆனதும் அதனால்தான். வட ஸாமி மொழியில் லாய்பி. ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால் கலைமான் மேய்ப்பவர்கள் ரொட்டியைச் சுட்டும் சொல், தெற்கே உழவு செய்தவர்களிடமிருந்து நடந்து போன சொல்.

கிழக்கே போனது இன்னும் பெரிய பயணம். ரஷ்யனில் க்லெப், உக்ரேனியனில் க்லிப், போலிஷில் க்லெப், செக்கில் க்லேப், பல்கேரியனில் க்ல்யாப், செர்பியனில் ஹ்லெப். இந்த மொழிகளில் தொடக்க ஒலி தொண்டையிலிருந்து உரசி வருவது. தமிழ் எழுத்தில் கிட்டத்தட்டத்தான் காட்ட முடிகிறது. பால்டிக் மொழிகளில் அந்த உரசொலி இல்லாததால் அங்கே அது அப்பட்டமான க ஆயிற்று: லாட்வியனில் க்லைப்ஸ், லிதுவேனியனில் க்லியெபஸ். ஸ்லாவிக் மக்கள் ஒரே சமூகமாக ஒரே மொழி பேசிய காலத்திலேயே இந்தச் சொல்லை ஜெர்மானியரிடமிருந்து, பெரும்பாலும் கருங்கடலுக்கு வடக்கே வாழ்ந்த, கோத்திக் பேசிய கோத்துகள் வழியாக, வாங்கியிருக்கிறார்கள். வாங்கிய இடத்தில் அது வளர்ந்த விதம் அழகானது. ரஷ்யனில் க்லெப் என்றால் ரொட்டி மட்டுமில்லை, வயலில் நிற்கும் தானியப் பயிரும்தான். விருந்தினரை வரவேற்க ரொட்டியும் உப்பும் நீட்டும் மரபுக்கு 'க்லெப்-சோல்' என்றே பெயர். சொல்லைப் பிறப்பால் பெற்ற ஆங்கிலமும் ஜெர்மனும் அதை ஓரமாக ஒதுக்கிவிட்டன. தத்து எடுத்த வீடுகளில்தான் அது மூத்த பிள்ளையாக இருக்கிறது.

ஒதுக்கியது எப்போது என்பதைக்கூடச் சொல்லலாம். ஒரே வரியை நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மொழிபெயர்த்திருந்தால் சொல் மாறிய காலம் தெரிந்துவிடும். அப்படி ஒரு வரி இயேசு கற்பித்த செபத்தில் இருக்கிறது, எங்கள் அன்றாட அப்பத்தை இன்று எங்களுக்குத் தா என்பது. 4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா செய்த கோத்திக் மொழிபெயர்ப்பு 'ஹ்லைஃப் உன்ஸரன' என்று தொடங்குகிறது, 'எங்கள் ரொட்டியை' என்று. அதைத் தாங்கிய ஊதாத்தோல் ஏட்டில் வெள்ளி மையால் எழுதியிருக்கிறார்கள். 6ஆம் நூற்றாண்டுப் பிரதி, இன்று ஸ்வீடனின் உப்சாலாவில் இருக்கிறது. 10ஆம் நூற்றாண்டு இறுதியின் பழைய ஆங்கில நற்செய்தியில் அதே இடத்தில் 'ஹ்லாஃப்'. 1380களின் விக்லிஃப் மொழிபெயர்ப்பில் 'பிரெட்'. இந்த நானூறு ஆண்டுக்குள் ஆட்சி கைமாறிவிட்டது. ரொட்டி என்ற பொதுப்பெயரைப் பிரெட் எடுத்துக்கொண்டது. லோஃப் 'அடுப்பிலிருந்து எடுத்த ஒரு முழு உரு' என்ற குறுகிய பொருளில் ஒடுங்கியது. ஜெர்மனிலும் அதே கதை: ரொட்டிக்கு ப்ரோட், முழு உருவுக்கு லைப். முழு வட்டப் பாலாடைக்கட்டியையும் அங்கே லைப் என்பார்கள்.

சொல் தனியாக நலிந்தாலும் கூட்டுச் சொற்களுக்குள் ஒளிந்துகொண்டு உயர்ந்த இடத்துக்குப் போய்விட்டது. அதுதான் கேள்வியில் வந்த லார்டு.

பழைய ஆங்கிலத்தில் 'வெயார்ட்' என்றால் காவலன். மருத்துவமனை வார்டு, விடுதி வார்டன் என்று நாம் சொல்லும் சொற்களிலும் இருப்பது அந்த வேர்தான். ஹ்லாஃப், வெயார்ட் இரண்டும் சேர்ந்து ஹ்லாஃப்வெயார்ட். பேச்சில் தேய்ந்து ஹ்லாஃபோர்ட். பிறகு லாவெர்ட், லோவெர்ட். 14ஆம் நூற்றாண்டு வாக்கில் லார்டு. ஸ்காட்லாந்தில் அதே சொல் லெயர்டு ஆகி நிலக்கிழாரைக் குறித்தது. இந்தத் தேய்மானத்தைப் பார்த்து சந்தேகப்பட வேண்டாம். ஒவ்வொரு படியும் ஏடுகளில் இருக்கிறது, இதில் உடுக்குறி எதுவும் இல்லை.

பொருளிலும் இது வெறும் அலங்காரமில்லை. கென்ட் அரசன் ஏதெல்பெர்ட்டின் சட்டங்கள் கி.பி. 600ஐ ஒட்டியவை, ஆங்கிலத்தில் எழுதிய சட்டங்களில் மிகப் பழையவை. அதில் ஒரு குடியானவனின் 'ஹ்லாஃப்ஐட்டா'வைக் கொன்றால் 6 ஷில்லிங் தண்டம் என்று வருகிறது. அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் ரொட்டி உண்பவன். அதாவது அவன் வீட்டுச் சோற்றில் வளரும் ஆள். ஒருவன் ரொட்டியைக் காக்கிறான், ஒருவன் அந்த ரொட்டியை உண்கிறான். ஆண்டான் அடிமை உறவு முழுவதும் ஒரு ரொட்டிக்கு இருபுறமும் நிற்கிறது. படியளக்கிறவன், செஞ்சோற்றுக்கடன் என்று பேசும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உயர் நீதிமன்றத்தில் 'மை லார்டு' என்று சொல்லும் வழக்கறிஞர் நீதிபதியை விளிக்கும் பழைய பொருள் அதுவே: என் ரொட்டியைக் காப்பவரே.

லேடி இன்னும் சுவையானவள். பழைய ஆங்கிலத்தில் ஹ்லேஃப்டிகெ. எழுத்தில் இருந்த அந்தக் ககரம் உச்சரிப்பில் யகரமாகக் கரைந்து, கடைசியில் லேடி ஆயிற்று. பின்பாதிக்கு 'பிசைபவள்' என்று பொருள். லேடி என்றால் ரொட்டி மாவு பிசைபவள். அந்தப் 'பிசை' என்ற வேரிலிருந்தே ஆங்கிலத்தில் பிசைந்த மாவுக்கு டோ என்று பெயர். மாவு பிசையும் பணிப்பெண் பழைய ஆங்கிலத்தில் டேகெ. பின்னாளில் அவள் பால் வேலையும் பார்த்தாள். அவள் வேலை செய்த இடம் டெய்ரி. ஆவின் பூத்துக்கு எதிரே மாட்டியிருக்கும் 'டெய்ரி' பலகையிலும் ஒரு மாவு பிசைபவள் இருக்கிறாள்.

அந்த வேர் ஜெர்மானியத்துக்கும் முந்தையது. இந்தோ-ஐரோப்பியக் குடும்பம் முழுக்க அது களிமண்ணையோ மாவையோ பிசைந்து உருவாக்குவதைக் குறித்தது. லத்தீனில் 'ஃபிங்கெரெ', உரு வனைதல். ஃபிகர், ஃபிக்ஷன் எல்லாம் அதன் வழி. கிரேக்கத்தில் 'டெய்கோஸ்', மதில். பழைய ஈரானிய மொழியில் 'பைரி-டயெஸ', சுற்றி மதில் எழுப்பிய தோட்டம்; அது கிரேக்கம் போய் பாரடைஸ் ஆகி, தமிழ் விவிலியத்தில் பரதீசு ஆனது. சமஸ்கிருதத்தில் 'திஹ்', பூசு, மெழுகு. அதிலிருந்து 'தேஹ', நாம் சொல்லும் தேகம்: பிசைந்து வனைந்த உரு. லேடியின் பின்பாதியும் தேகமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இதை ஓசை ஒற்றுமைக்காகச் சொல்லவில்லை. சொல் முதலில் சமஸ்கிருதத் தகரத்துக்கு இணையாக ஜெர்மானியத்தில் டகரமும் லத்தீனில் ஃபகரமும் வருவது, இன்னும் பல சொற்களில் சோதித்துப் பார்த்த கணக்கு.

தமிழுக்கு வந்த இன்னொரு வாரிசு உண்டு. அது மொழிபெயர்ப்பாக வேடம் மாறி வந்தது. கோத்திக்கில் 'கஹ்லைப' என்று ஒரு சொல். 'க' என்றால் கூட, 'ஹ்லைப' நம் ரொட்டி. உடன் உண்பவன், ஆகவே தோழன். உல்ஃபிலாவின் மொழிபெயர்ப்பில் உடன் போரிடும் வீரனுக்கு இதைப் போட்டிருக்கிறார். பழைய உயர் ஜெர்மனிலும் இதன் இணை உண்டு. ரோமப் படைகளில் ஜெர்மானியர் நிறைந்திருந்த காலத்தில் இந்தச் சொல்லை லத்தீன் உறுப்புக்கு உறுப்பு பெயர்த்துக்கொண்டது: 'கும்' என்றால் கூட, 'பானிஸ்' என்றால் ரொட்டி, சேர்ந்து 'கும்பானியோ' அல்லது 'கொம்பானியோ'. ஃபிராங்க் இனத்தாரின் சாலிக் சட்டத்தில், 6ஆம் நூற்றாண்டில், அது முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. அதற்கு முந்தைய செவ்வியல் லத்தீனில் அப்படி ஒரு சொல் இல்லை. அதன் பிள்ளைகள் கம்பானியன், கம்பெனி.

கம்பெனி நம் ஊருக்கு வந்து கும்பினி ஆயிற்று. கும்பினியார், கும்பினிப் படை என்று நம் முன்னோர் சொன்னபோது அந்தப் பெயருக்குள் ஒன்றாக அமர்ந்து ரொட்டி தின்னும் ஜெர்மானியப் போர்வீரர்கள் இருந்தார்கள். இலங்கையில் தமிழர்கள் கடைக்குப் போய் 'ஒரு றாத்தல் பாண்' என்று கேட்கிறார்கள். பாண் போர்ச்சுகீசியர் கொடுத்த சொல். அவர்களுக்கு அது லத்தீன் பானிஸிலிருந்து வந்தது. ஆக, பாணும் கும்பினியின் நடுப்பகுதியும் ஒரே சொல். ஒன்று அடுப்பிலிருந்து வந்தது, ஒன்று கோட்டையிலிருந்து. இந்த இணைப்பை முதன்முதலில் தாளில் கோடு போட்டுப் பார்த்த நாளில் எனக்கு அன்று வேறு வேலை ஓடவில்லை.

மற்ற வாரிசுகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் 1ஆம் நாள் புதுக் கோதுமையில் சுட்ட முதல் ரொட்டியைக் கோவிலில் படைக்கும் நாள் ஹ்லாஃப்மெஸ்ஸெ, இன்று லாம்மஸ். ஐஸ்லாண்டிக்கில் பிரபு லாவர்துர், சீமாட்டி லாஃப்தி. இரண்டும் பழைய ஆங்கிலத்திலிருந்து கடன் போனவை. ஆகவே அந்த ஒரு மொழியில் நம் சொல் பிறப்பால் வந்த ஹ்லெய்ஃபுராகவும், வெளியூர் போய்ப் பட்டம் பெற்றுத் திரும்பிய லாவர்துராகவும் இரண்டு முறை இருக்கிறது.

இனி, எதுவரை என்ற பகுதி. ஹ்லைபஸுக்கு மேலே, இந்தோ-ஐரோப்பிய அளவில், இதன் தாய் யார்? பலர் பல பெயர்களை முன்வைத்திருக்கிறார்கள். லத்தீனில் 'லீபும்' என்று ஒருவகை அப்பம் உண்டு, தெய்வத்துக்குப் படைப்பது. லீபும், லோஃப், இரண்டும் மாவுப் பண்டம், ஒலியும் நெருக்கம். யாருக்கும் ஆசை வரும். ஆனால் யாக்கோப் கிரிம் 1822இல் வகுத்துக்காட்டிய விதி குறுக்கே நிற்கிறது. ஜெர்மானிய ஹகரத்துக்கு லத்தீனில் ககரம் வர வேண்டும். லத்தீன் கோர்னு, ஆங்கிலம் ஹார்ன். கேண்டும், ஹண்ட்ரட். கனிஸ், ஹவுண்ட். அந்தக் கணக்கில் ஹ்லைபஸின் லத்தீன் உறவு 'க்ல' என்று தொடங்க வேண்டும். லீபும் அப்படித் தொடங்கவில்லை. கதவடைப்பு.

கிரேக்கத்தில் 'க்லீபனோஸ்' இருக்கிறது, ரொட்டி சுடும் மூடியடுப்பு. இங்கே 'க்ல' சரியாக வருகிறது, மனம் துள்ளுகிறது. ஆனால் கிரேக்கத்தின் அதிரும் உதட்டொலிக்கு ஜெர்மானியத்தில் அதிராத பகரம், 'பல்' என்பதில் வருகிற வல்லின ஒலி, வர வேண்டும். நம் சொல்லில் இருப்பதோ அதிரும் ஒலி. உயிரும் பொருந்தவில்லை. போதாததற்குக் கிரேக்கத்திலேயே அதற்கு 'க்ரீபனோஸ்' என்று இன்னொரு வடிவம் உண்டு. அதுவே வேறெங்கிருந்தோ கிரேக்கம் கடன் வாங்கிய சொல்லாகத் தெரிகிறது. எல்லோரும் ஒப்புக்கொண்ட தாய் ஹ்லைபஸுக்கு இல்லை என்பதே இன்றைய நிலை.

இந்த மறுப்புகளை நான் ஏற்புகளுக்குச் சமமாக மதிக்கிறேன். ஜெர்மன் 'ஹாபன்', லத்தீன் 'ஹபெரெ', இரண்டுக்கும் 'வைத்திருத்தல்' என்றே பொருள், ஒலியும் அச்சு அசல். ஆனாலும் உறவில்லை, ஹாபனின் உண்மையான லத்தீன் உடன்பிறப்பு 'கபெரெ', பிடி, எடு என்ற பொருளில். பக்கத்தில் வைத்தால் ஒட்டாதது உறவாகவும், ஒட்டுவது அந்நியமாகவும் முடிகிறது. நம்மிடையே ஓர் ஆங்கிலச் சொல்லையும் ஒரு தமிழ்ச் சொல்லையும் பக்கத்தில் வைத்து, ஒலி ஒத்துப்போகிறது, ஆகவே இதிலிருந்து அது வந்தது என்று எழுதுகிறவர்கள் நிறைய. தமிழ் மீது அன்பு கொண்டுதான் செய்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: அந்த ஒலி மாற்றம் வேறு பத்துச் சொற்களில் நடந்திருக்கிறதா என்று தேடிவிட்டு எழுதுங்கள். எந்த இடத்தில் உங்கள் கணக்கு தோற்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஹ்லைபஸுக்கு அப்படிச் சொல்ல முடியும். நாளை மண்ணுக்குள்ளிருந்து ஒரு பழைய ரூனிக் பலகை கிடைத்து, அதில் ரொட்டிக்கான சொல் ஏகாரத்தோடோ ஹகரம் இல்லாமலோ இருந்தால், உடுக்குறிக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளை மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

நீங்களே ஒரு சொல்லை எடுத்துச் செய்துபார்க்க விரும்பினால் ஆங்கிலத்தின் கிங் நல்ல தொடக்கம். மூல வடிவம் *குனிங்கஸ். ஃபின்னிஷ் அதை ஏறக்குறைய அப்படியே வைத்திருப்பதை மேலே பார்த்தோம். ரஷ்யனில் அது 'க்ன்யாஸ்', இளவரசன். லிதுவேனியனில் 'குனிகஸ்', அங்கே அதற்குப் பொருள் பாதிரியார். அரசன் எப்படிப் பாதிரியார் ஆனான் என்பதிலிருந்து தொடங்குங்கள்.